மழுப்பற் சொல்லும் மலைநாட்டு மக்களும்

(மடுல்கெல்லவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலைக் குளிரையும் பொருட்படுத்தாது இத்துணைப் பேர் இங்குக் கூடியிருக்கின்றீர்கள். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சம்பளம் அன்று, காணி அன்று, தேர்தலும் அன்று. இவை மூன்றுக்கும் அடியிற் கிடக்கும் ஒன்றைப் பற்றியே பேச வந்தோம். ஒருவர் சொன்ன சொல்லை மற்றவர் நம்பலாமா என்பதே அது. அந்த நம்பிக்கை உள்ள வீட்டில் வறுமை இருந்தாலும் வாழ்வு இருக்கும். அந்த நம்பிக்கை அற்ற வீட்டில் செல்வம் இருந்தாலும் ஒருவர்க்கொருவர் காவல் இருக்க வேண்டியதுதான். வீட்டுக்குச் சொன்னது நாட்டுக்கும் பொருந்தும்.

பொய்யும் மழுப்பலும்

பொய் வேறு, மழுப்பல் வேறு. பொய் சொல்பவன் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றான். "பணத்தைக் கொடுத்துவிட்டேன்" என்கின்றான். கொடுக்கவில்லை என்று சான்று காட்டினால் அவன் அகப்படுகின்றான். அகப்பட்டவன் தலைகுனிகின்றான், மன்னிப்புக் கேட்கின்றான், சில வேளை திருந்தவும் செய்கின்றான். எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அவனுக்கும் தெரியும், எமக்கும் தெரியும்.

மழுப்புபவன் அவ்வாறு அகப்படான். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு போன்றவன் அவன். "பார்ப்போம்" என்பான், "ஆவன செய்யப்படும்" என்பான், "உரிய நேரத்தில் உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்பான். பிற்பாடு போய்க் கேட்டால், "தருவேன் என்று நான் எப்போது சொன்னேன்?" என்று திருப்பிக் கேட்பான். அவன் சொன்னது உண்மைதான். தருவேன் என்று அவன் சொல்லவே இல்லை. நம்பியவன்தான் பித்தனாகின்றான்.

இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இங்கு இருக்கின்றீர்கள். "எடுப்பேன்" என்றால் செய்வினை. "எடுக்கப்படும்" என்றால் செயப்பாட்டு வினை. செயப்பாட்டு வினையில், செயலைச் செய்யும் வினைமுதலை "ஆல்" என்னும் உருபு கொடுத்துச் சொல்ல வேண்டும். "என்னால் எடுக்கப்படும்", "அமைச்சரால் எடுக்கப்படும்" என்றால் பொருள் நிறைகின்றது. எமது மேடைகளிலும் அலுவலகங்களிலும் அந்த "ஆல்" விழுங்கப்பட்டுவிடுகின்றது. செயல் நிற்கின்றது, செய்பவர் மறைந்துவிடுகின்றார். ஆளில்லாத வாக்குறுதியை யாரிடம் போய்க் கேட்பது?

ஆதலின், பொய்யினும் மழுப்பல் கொடியது என்று நாம் சொல்லத் துணிகின்றோம். பொய் ஒரு செய்தியைக் கெடுக்கின்றது. மழுப்பலோ சொல்லையே கெடுத்துவிடுகின்றது. மழுப்பலைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவன், நாளை ஒருவர் உண்மையையே சொன்னாலும் நம்ப மாட்டான். அப்போது நல்லவன் சொல்லும் ஏறாது. கெட்டவன் சொல்லும் ஏறாது. இந்த மலைநாட்டின் வரலாற்றை இக்கண்கொண்டு பார்ப்போம்.

இவ்வூர் கேட்ட ஒரு நேர்சொல்

முதலில் இவ்வூர்க் கதை. 1936 ஆம் ஆண்டில், துரைத்தொழில் பழகுவதற்காக ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் இளைஞர் இலங்கைக்கு வந்தார். லண்டனிற் பிறந்தவர், மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்பது பெயர். அவர் தொழில் பழக வந்து சேர்ந்த இடம் இந்த மடுல்கெல்லவில் உள்ள றெலுகாஸ் தோட்டம்.

அக்காலத்துத் தோட்டத்தில் துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே ஒரு மதில் இருந்தது. இந்த இளைஞர் அம்மதிலை மதிக்கவில்லை. தொழிலாளருடன் பழகினார், அவர்தம் நிலையைக் கண்டார், கண்டதைப் பேசினார். வேலை போயிற்று. 1937 ஏப்பிரல் 3 ஆம் நாள் நாவலப்பிட்டியில் லங்கா சமசமாஜக் கட்சி ஒரு கூட்டம் நடத்தியது. இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாய அம்மையாரும் அங்கு இருந்தார். அம்மேடையில் இந்த 24 வயது வெள்ளையர் எழுந்து, தோட்டங்களில் நடப்பது இன்னது என்று நேராகச் சொன்னார்.

அவர் புதிதாக என்ன சொன்னார்? கேட்டிருந்த தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் தெரிந்ததையே சொன்னார். எல்லோருக்கும் தெரிந்தும் எவரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டதே குற்றமாயிற்று. ஏப்பிரல் 22 ஆம் நாள், 48 மணி நேரத்தில் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று ஆளுநர் சேர் றெஜினோல்ட் ஸ்டப்ஸ் பிறப்பித்த ஆணை அவர் கையில் சேர்ந்தது.

அந்த ஆணை நின்ற சட்டத்தைப் பாருங்கள். 1896 ஆம் ஆண்டின் கட்டளை ஒன்று. நெருக்கடிக் காலத்துக்கென வைத்திருந்த அதிகாரம். 1937 இல் நாட்டிற் போர் இல்லை, கலகம் இல்லை. ஒரு கூட்டத்தில் ஓர் இளைஞர் பேசினார். அவ்வளவே! "உன் பேச்சு எமக்குப் பிடிக்கவில்லை" என்று நேராகச் சொல்ல மனமில்லாத அரசு, நெருக்கடிக்குரிய சட்டத்தை எடுத்து முகமூடியாக அணிந்துகொண்டது.

பிரேஸ்கேர்டில் கப்பலேறவில்லை. தோழர்கள் அவரை மறைத்து வைத்தார்கள். மே 5 ஆம் நாள் அரசாங்க சபையில் ஆளுநர்மீது கண்டனத் தீர்மானம் வந்தது. உள்நாட்டு அமைச்சின் ஆலோசனை பெறாமலே ஆணை பிறந்தது என்பது குற்றச்சாட்டு. தீர்மானம் 34 வாக்குகளுக்கு 7 என்ற கணக்கில் நிறைவேறியது. அன்றே காலிமுகத்திடலில் சுமார் 50,000 மக்கள் திரண்டார்கள். மறைந்திருந்தவர் மேடையில் வந்து நின்றார். கைது செய்தார்கள். ஆட்கொணர்வு மனு சென்றது. மே 18 ஆம் நாள், பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏபிரகாம்ஸ் தலைமையில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. நெருக்கடி என்ற சொல்லை நீட்டியவர்களிடம், நெருக்கடி எங்கே என்று நீதிமன்றம் கேட்டது. சொல் இருந்தது, அச்சொல்லுக்குரிய பொருள் நாட்டில் இல்லை. இவ்விவகாரத்தில் எவர் எவருக்கு என்ன சொன்னார் என்பதை ஆராய ஒரு விசாரணைக் குழுவே பின்னர் அமைக்க வேண்டியதாயிற்று.

காலிமுகத்திடல் மேடையில் நின்றவர்களை நினைவிற் கொள்ளுங்கள். கொல்வின் ஆர். டி சில்வா தலைமை தாங்கினார். என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தனா பேசினார்கள். யாழ்ப்பாணத்து ஹன்டி பேரின்பநாயகம் பேசினார். மலையகத் தொழிற்சங்கத்தின் முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் பேசினார். எஸ். டபிள்யு. ஆர். டி. பண்டாரநாயக்காவும் பேசினார். சிங்களவரும் தமிழரும், வடக்காரும் மலைநாட்டாரும் ஒரு மேடையில் நின்ற நாள் அது. அவர்களை அங்குச் சேர்த்தது மடுல்கெல்லவிலிருந்து புறப்பட்ட ஒரு நேர்சொல்!

பெயர் சொல்லாமற் பறித்த சட்டம்

ஒரு நேர்சொல் சேர்த்து வைத்ததைப் பின்வந்த மழுப்பற் சொற்கள் எவ்வாறு பிரித்தன என்பதை இனிப் பார்ப்போம்.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையைப் பறிக்கின்றோம் என்று அதில் ஒரு வரி இல்லை. இந்திய வம்சாவளியினர் என்ற பேச்சே இல்லை. இலங்கையிற் பிறந்தவராயினும், தந்தை இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கின்றது. எவ்வளவு பொதுவான சொற்கள்! எல்லோருக்கும் பொருந்துவன போலவே தோன்றும். ஆனால், தந்தையின் பிறப்புக்குப் பத்திரம் காட்ட இயலாதவர் யார்? மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து வந்து இம்மலைகளைத் திருத்தியவர்களின் பிள்ளைகள்தாம். பெயரைச் சொல்லாமல் ஆளைக் குறிபார்த்த சட்டம் அது.

அடுத்த ஆண்டு இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் வந்தது. விண்ணப்பம் செய்யுங்கள், ஆராயப்படும் என்றார்கள். சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே குடியுரிமை கிடைத்தது. வாக்குரிமை பறிபோனதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. 1953 இல் அம்மன்றம், இச்சட்டங்கள் குடியுரிமை பற்றியவையே, ஓரினத்துக்கு எதிரானவை அல்ல என்று தீர்ப்பளித்தது. சொல்லை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அதற்காகத்தானே சொல்லை அப்படி அமைத்தார்கள்! 1937 இல் முகமூடியை நீதிமன்றம் விலக்கியது. 1953 இல் முகமூடியே முகமென்று ஏற்கப்பட்டது.

"விரைவிற் கவனிக்கப்படும்"

இனி நம்மவரையும் சற்றுக் கேள்வி கேட்போம். பிறரைக் கேட்கும் உரிமை தம்மைக் கேட்பவர்க்கே உண்டு.

1957 ஜூலை 26 ஆம் நாள் பண்டாரநாயக்கா-செல்வநாயகம் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அது 1958 ஏப்பிரல் 9 ஆம் நாள் கைவிடப்பட்ட கதையை ஒவ்வொரு தமிழரும் அறிவர். அதில் மலைநாட்டு மக்களைப் பற்றி என்ன இருந்தது என்பதைப் பலர் அறியார். குடியுரிமைப் பிரச்சினையை விரைவில் தீர்க்குமாறு தமிழரசுக் கட்சி வற்புறுத்தியது. அது விரைவிற் கவனிக்கப்படும் என்று பிரதமர் தெரிவித்தார். இவ்வளவே அதிற் கண்ட செய்தி.

கவனிக்கப்படும்! எவரால்? எந்த நாளுக்குள்? எம்முறையில்? வடக்குக் கிழக்குப் பிரதேச சபைகளைப் பற்றிப் பேசும்போது அதிகாரங்களைத் துறை துறையாக எண்ணிக் குறித்த அந்தத் தாள், மலைநாட்டு மக்களிடம் வந்ததும் செயப்பாட்டு வினைக்குள் புகுந்துகொண்டது. அச்சொல்லைத் தந்தவர், 20 ஆண்டுகளுக்கு முன்னர் காலிமுகத்திடலில் மடுல்கெல்ல இளைஞருக்காகப் பேசிய அதே பண்டாரநாயக்கா. அதைப் பெற்றுக்கொண்டவர்கள் எம்மவர்கள். தந்தை செல்வா இம்மக்களுக்காகத் தமிழ்க் காங்கிரசைப் பிரிந்து வந்தவர். அவரது நேர்மையை எவரும் ஐயுறார். எனினும் அந்த வரியை அவ்வாறே ஏற்றுக்கொண்டதால், "வடக்கார் தம் காரியத்தை எழுதிக்கொண்டார்கள், எம் காரியத்தைப் பேச்சில் விட்டார்கள்" என்று மலைநாட்டான் நினைத்தால், அந்த நினைப்பை எப்படிக் குறை சொல்வது? நம்பிக்கை உடைவது பெரிய துரோகத்தால் மட்டும் அன்று. இத்தகைய சிறு வரியாலும் உடையும்.

மொழியிலும் இதே கதைதான். தமிழுக்கு நியாயமான இடம் உண்டு என்றார்கள். 1958 இல் அதற்கெனச் சட்டம் வந்தது. அதனைச் செயற்படுத்தும் விதிகள் 1966 சனவரியில்தான் வந்தன. "நியாயமான" என்ற ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதுவதற்கு ஏழாண்டுகளுக்கு மேற் சென்றன.

"விரைவிற் கவனிக்கப்படும்" என்ற குடியுரிமைப் பிரச்சினையின் கணக்கையும் முடித்துவிடுவோம். நாடற்றோர் நிலையை இறுதியாக முடிவுக்குக் கொண்டுவந்த சட்டம் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம். 1957 இலிருந்து எண்ணினால் 46 ஆண்டுகள். விரைவு என்ற சொல்லின் நீளம் அது!

தாயகம் எது?

இடையில் 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9 இலட்சத்து 75 ஆயிரம் மக்களைக் கணக்கிட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பின்னர் முடிவு என்று பிரித்தார்கள். 1974 இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதி 75 ஆயிரமாகப் பங்கிட்டார்கள். பங்கிடப்பட்ட மக்களை எவரும் கேட்கவில்லை.

கப்பலேறிய மக்களுக்குத் தமிழ்நாட்டில் ஒரு பெயர் காத்திருந்தது. "தாயகம் திரும்பியோர்" என்பது அப்பெயர். திரும்புதல் என்றால் என்ன? போன இடத்திலிருந்து புறப்பட்ட இடத்துக்கு மீள்வது. லயத்திற் பிறந்து, இம்மலையில் வளர்ந்து, இந்த மண்ணில் பெற்றோரைப் புதைத்தவர் எங்கே திரும்புகின்றார்? அவர் முன்பின் பார்த்திராத ஊருக்குப் போகின்றார். "அனுப்பப்பட்டோர்" என்று சொல்லியிருந்தால், அனுப்பியவர் யார் என்ற கேள்வி எழும். "திரும்பியோர்" என்றதும் அக்கேள்வி அடங்கிவிடுகின்றது. அவர்களே விரும்பிப் போனதுபோல ஆகிவிடுகின்றது. அவர்களுக்கென்றே 1968 இல் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அங்கே கொழுந்தெடுத்தவர்களை அயலார் "சிலோன்காரர்" என்றார்கள். இங்கே இருந்தபோது "இந்தியத் தமிழர்" என்றார்கள். இரண்டு நாடுகளும் ஒரு மக்களை அடுத்த நாட்டின் பெயராலேயே அழைத்தன!

தொடக்கத்திலும் ஒரு சொல் இருந்தது. தேயிலைத் தூரிலே தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லி அழைத்து வந்தார்கள் என்பது எம் பாட்டிமார் சொல்லி வந்த கதை. ஆசை வார்த்தையால் அழைத்து வந்தார்கள்; அழகு வார்த்தையால் அனுப்பி வைத்தார்கள். இரண்டுக்கும் இடையில் ஒரு நூற்றாண்டு உழைப்பு.

730 என்னும் எண்

பழங்கதை போதும் என்பீர்கள். அண்மைக் கதை ஒன்று. 2015 முதல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்ற முழக்கம் இம்மலையெங்கும் ஒலித்தது. 2016 ஒக்டோபரில் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானபோது, சம்பளம் 730 ரூபா என்று செய்தி வந்தது. அந்த எண்ணைப் பிரித்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 500. வரவுக்கான கொடுப்பனவு 60. உற்பத்தி ஊக்குவிப்பு 140. விலைப் பங்குக் கொடுப்பனவு 30. கூட்டினால் 730. கணக்கிற் பிழை இல்லை, பொய்யும் இல்லை. ஆனால் வரவு குறைந்தால் 60 இல்லை. குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காவிட்டால் 140 இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்குரிய கணக்கிலே நிற்பது அந்த 500.

"அடிப்படைச் சம்பளம் 500, அதற்கு மேல் எங்களால் இம்முறை பெற முடியவில்லை" என்று மேடையேறிச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? தொழிலாளி கோபித்திருப்பான், ஏசியிருப்பான். எனினும், "உள்ளதைச் சொன்னார்கள்" என்று ஒரு மூலையில் எண்ணியிருப்பான். அடுத்த பேச்சுவார்த்தையில் அவர்கள் பின்னால் நின்றிருப்பான். 730 என்று கேட்டுவிட்டு, மாத முடிவில் சம்பளச் சீட்டை விரித்துப் பார்த்த பெண்ணிடம் எஞ்சியது என்ன? ரூபா குறைந்ததைவிடத் தன்னை ஒரு கணக்குத் தெரியாதவளாக எண்ணிவிட்டார்களே என்பதுதான் அவளுக்கு அதிகம் சுட்டது. வயிற்றில் அடித்தவரை மனிதர் மன்னிப்பதுண்டு. அறிவை இகழ்ந்தவரை மன்னிப்பது அரிது.

எம் வீட்டு முற்றம்

இதுவரை பிறரைச் சொன்னோம். எம் வீட்டு முற்றத்தைக் கூட்டுவோம்.

கொழும்பில் வேலை செய்யும் மகனுக்கு வேலை போய்விட்டது. தாய் தொலைபேசியிற் கேட்கின்றாள்: "என்னப்பா, காசு அனுப்பலையா?" அவன், "அடுத்த மாதம் பார்ப்போம், அம்மா" என்கின்றான். அடுத்த மாதமும் அதுவே. தாய் அந்தக் காசை நம்பிச் சீட்டுக் கட்டியிருக்கின்றாள். நகையை மீட்க நாள் குறித்திருக்கின்றாள். உண்மை தெரியும் நாளில் அவளுடைய துயரம் வேலை போனதற்காக மட்டும் அன்று. "என்னிடம் சொல்லக் கூடாதா?" என்பதுதான் அவள் முதற் கேள்வி. அன்றிலிருந்து மகன், "நலமாக இருக்கின்றேன்" என்றாலும் அவளுக்கு உறக்கம் வராது.

மருத்துவர்களே! நோயாளி கேட்கும்போது, "ஒன்றுமில்லை, மருந்தைக் குடி" என்று அனுப்புகின்றீர்கள். ஒன்றுமில்லை என்றால் மருந்து எதற்கு? அடுத்த கிழமை கண்டிக்கு அனுப்பும்போது, அவருக்கு நோயின் அச்சத்தோடு உங்கள்மேல் ஐயமும் சேர்ந்துவிடுகின்றது. வழக்கறிஞர்களே! "வழக்கு நடக்கின்றது" என்று எத்தனை ஆண்டு சொல்வீர்கள்? ஆசிரியர்களே! "பிள்ளை கெட்டிக்காரன், கொஞ்சம் முயன்றால் போதும்" என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டு, எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையை அடுத்த வகுப்புக்கு ஏற்றுகின்றீர்களே, அது முறையா?

விவசாயிகளே! கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கிலோவைக் கழிக்கின்றார்கள்; மரக்கறிச் சந்தையிலே கழிவு என்ற பெயரால் மூட்டைக்கு இவ்வளவு என்று குறைக்கின்றார்கள். அது அநியாயம். உரத்துச் சொல்வோம். ஆனால், காய்ந்த மிளகை மேலே பரப்பி ஈர மிளகை அடியில் வைப்பவரும் எம்மிடையே உண்டு. "எப்படிக் காய்ந்தது?" என்று கேட்டால், "நல்ல வெயில்தானே அடித்தது" என்று வானத்தின்மேற் போடுகின்றோம். பொய் சொல்லவில்லை, வெயில் அடித்தது உண்மைதான்! வியாபாரி இதை அறிவான். ஆகவே எல்லோருக்கும் சேர்த்து விலையைக் குறைக்கின்றான். ஒருவர் செய்த மழுப்பலுக்கு ஊரே வரி கட்டுகின்றது.

வள்ளுவர் தந்த விலக்கு

"குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மைக்குரிய இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே சொன்னாரே" என்று சிலர் கேட்பீர்கள். ஆம், வாய்மை அதிகாரத்தில் அவ்விலக்கு உண்டு. ஆனால், நன்மை யாருக்கு? கேட்பவருக்கா, சொல்பவருக்கா? சாகுந் தறுவாயில் இருக்கும் முதியவரிடம், பேரன் வந்துகொண்டிருக்கின்றான் என்று சொல்பவர் தமக்கென ஒன்றும் தேடவில்லை. மழுப்புபவர் அப்படியா? அந்த நேரத்துச் சங்கடத்திலிருந்து தாம் தப்ப வேண்டும் என்பதே அவர் நோக்கம். மகன் தாயின் துயரத்தைத் தள்ளிப்போடவில்லை. தாயின் முகத்தைப் பார்க்கும் வேதனையைத் தள்ளிப்போட்டான். தலைவர் மக்களின் ஏமாற்றத்தைத் தடுக்கவில்லை; தம்மேல் விழும் ஏச்சைத் தடுத்தார். அந்த விலக்கைத் தமக்குக் கவசமாக எடுத்துக்கொள்வோர் வள்ளுவரையே மழுப்புகின்றார்கள்.

கேட்பவர் குற்றம்

இன்னும் ஒரு கசப்பான உண்மை உண்டு. மழுப்பல் வளர்வதற்குக் கேட்பவரும் காரணம். வேலை போனதை மகன் சொல்லியிருந்தால் வீட்டில் என்ன நடந்திருக்கும்? "உன்னால் எது உருப்பட்டது?" என்று எத்தனை குரல்கள் எழுந்திருக்கும்? "என்னால் இதைச் செய்ய முடியாது" என்று ஒரு வேட்பாளர் உண்மையைச் சொன்னால் அவருக்கு நாம் வாக்களிப்போமா? "ஆவன செய்யப்படும்" என்பவருக்கு மாலை போடுகின்றோம். "முடியாது" என்பவரை வாசலோடு அனுப்புகின்றோம். பிறகு, மழுப்புகின்றார்களே என்று அழுகின்றோம். நேர்சொல்லுக்குத் தண்டனையும் மழுப்பலுக்குப் பரிசும் தரும் ஊரில் எது விளையும்?

பிரேஸ்கேர்டிலுக்குக் கிடைத்தது என்ன என்பதையும் எண்ணுங்கள். ஆட்சி அவரைத் தண்டிக்க முனைந்தது. மக்கள் அவரைத் தாங்கினார்கள். அந்த மக்களுள் படிப்பறிவில்லாத தோட்டத் தொழிலாளரும் இருந்தார்கள். நேர்சொல்லை அடையாளம் காண்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை; அதைத் தாங்குவதற்குத் துணிவே வேண்டும். அவர் அவ்வாண்டிலேயே இங்கிலாந்து சென்றார். 1999 இல் மறைந்தார். இங்கே இருந்தது சிறிது காலம். ஆனாலும் அவர் பெயர் நிலைத்தது.

மூன்று கேள்விகள்

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? பெரிய திட்டம் ஒன்றும் நாம் கொண்டுவரவில்லை. மூன்று கேள்விகளைக் கொண்டுவந்தோம். யாரால்? எவ்வளவு? எந்த நாளுக்குள்?

தொழிற்சங்கக் கூட்டத்தில், "சம்பளம் உயர்த்தப்படும்" என்றால் எழுந்து கேளுங்கள்: யாரால்? அடிப்படையில் எவ்வளவு? எந்த மாதச் சீட்டிலிருந்து? காணி தரப்படும் என்றால் கேளுங்கள்: எத்தனை பேர்ச்? உறுதி யார் பெயரில்? எந்த நாளில்? அலுவலகத்தில், "கவனிக்கின்றோம்" என்றால் கேளுங்கள்: கவனிக்கும் அலுவலர் பெயர் என்ன, ஐயா? மறுபடி எப்போது வரட்டும்? பணிவாகக் கேளுங்கள், ஆனால் கேளாமல் வராதீர்கள். படித்தவர்கள் படியாதவர்களுக்கு அந்தத் தாளை வாசித்துக் காட்டுங்கள். "ஆல்" எங்கே விழுங்கப்பட்டிருக்கின்றது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். படித்தவர் இந்த மலைக்குச் செய்யக்கூடிய தொண்டு இதைவிடப் பெரிது இல்லை.

அதே மூன்று கேள்விகளுக்கு நாமும் எம் வீட்டில் விடை சொல்வோம். தர முடியாததைத் தர முடியாது என்போம். செய்த பிழையை, "பிழை நடந்துவிட்டது" என்னாமல், "பிழை செய்தேன்" என்போம். எவரேனும் வந்து அப்படிச் சொன்னால், அவரை ஏசுமுன் ஒரு கணம் நிற்போம். உள்ளதைச் சொன்னதற்கு முதலில் நன்றி சொல்வோம். பிறகு வேண்டுமாயின் ஏசுவோம்.

தோழர்களே! எம் முன்னோரிடம் பத்திரம் இல்லை. ஆகவே குடியுரிமை இல்லை என்றார்கள். எம்மிடம் இருந்ததெல்லாம் சொல் ஒன்றே. அதை ஆள்வோர் தேய்த்தார்கள், தலைவர்கள் தேய்த்தார்கள், நாமும் எம் பங்குக்குத் தேய்த்தோம். எஞ்சியதையாவது காப்போம். 1937 இல் இந்த மடுல்கெல்லவிலிருந்து ஒரு நேர்சொல் புறப்பட்டு நாட்டையே ஒரு மேடையிற் சேர்த்தது. அது வெளியூரார் ஒருவர் வாயிலிருந்து வந்தது. அடுத்த நேர்சொல் இவ்வூராரின் வாயிலிருந்து வரட்டும். அது இன்றிரவே, எம் வீட்டு அடுப்படியிலே தொடங்கட்டும்.